லைலா சேனி வரும் இதழ்களை எந்த வரிசையில் படிப்பது?

நண்பர்களே, ஒரு உதவி. மார்வெல் காமிக்ஸில் வரும் ராக் பாடகி லைலா சேனியின் கதைகளைத் தேடிப் பிடித்துப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். அதிசக்தி படைத்த இளைஞர் குழுவின் தொடரான நியூ மியூட்டன்ட்ஸின், 1984ல் வந்த முதல் ஆண்டு மலரை முடித்துவிட்டேன். பூமியையே திருடி விற்கப் பார்க்கிறாள், என்ன துணிச்சல்! கண்மூடித் திறப்பதற்குள் விண்மீன்களைத் தாண்டிவிடுவாள். ஆனால் பக்கத்துத் தெருவுக்கு நேராகத் தாவ முடியாது. எனக்குப் பிடித்ததே இந்த வில்லங்கம்தான்.

சரி, அடுத்து எதை எடுப்பது? அந்த இளைஞர் குழுவில் ஒருவனான கேனன்பாலுடன் அவள் காதல் வளரும் இதழ்கள், இன்னொரு பாடகியான டாஸ்லர் அவள் இசைக்குழுவில் கீபோர்டு வாசிக்கும் இதழ்கள், இந்த இரண்டுக்கும் இதழ் எண் தெரிந்தவர்கள் வரிசையாகச் சொல்லுங்களேன். தொகுப்பு நூலாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், கதையில் யாராவது செத்துப்போனால் அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.