குயில்ட் தைப்பதற்கு எடுத்துச் செல்லத்தக்க இஸ்திரிப் பலகை

கேள்வி (கோத்தகிரி வாசகி):
வணக்கம். ஒட்டுத்துணி இணைத்துக் குயில்ட் என்னும் அடுக்குப் போர்வை தைக்கிறேன். ஒவ்வோர் இணைப்பையும் உடனே தேய்க்க வேண்டியிருப்பதால், தையல் மெஷின் அருகிலேயே வைத்துக்கொள்ளவும் வகுப்புக்குக் கொண்டுபோகவும் ஏற்ற சிறு பலகை ஒன்றை நானே செய்ய விரும்புகிறேன். மேசைமேல் போர்வையை மடித்துப் போட்டுத் தேய்த்தால் இணைப்புகள் படியாமல் மேடாகவே நிற்கின்றன. ஆடிச் சாரலில் பலகைக்குப் பூஞ்சை பிடிக்காமலும் இருக்க வேண்டும்.

மறுமொழி (குன்னூர் தையற்காரர்):
சகோதரி, மெத்தென்ற பரப்பில் இணைப்பு அமுங்கிப்போகுமே தவிரப் படியாது. அடியில் கடினமான பலகையும் அதன்மேல் மெல்லிய திண்டும்தான் குயில்ட்டுக்கு ஏற்றவை. 12 மி.மீ. பிளைவுட்டை 14க்கு 18 அங்குல அளவில் வெட்டி வாங்கி, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, பழைய கம்பளியை இரண்டு மடிப்பாகப் பரப்பி, முன்பே நனைத்துச் சுருங்கவைத்த காடாத் துணியால் இழுத்து மூடுங்கள். பருத்திக்கு இஸ்திரிப் பெட்டியின் சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்பதால் ஸ்பாஞ்ச், பாலியஸ்டர் பஞ்சு இரண்டையும் உள்ளே வைக்கவே கூடாது. கம்பளியில் கலப்பு உண்டா என்ற ஐயம் இருந்தால் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: அசல் கம்பளி முடி கருகும் வாடையோடு எரிந்து, விரலில் நசுக்கினால் பொடியாகும், செயற்கை இழை உருகிக் கெட்டியான உருண்டையாகிவிடும்.

மேலுறையை நாற்புறமும் மூன்று அங்குலம் கூடுதலாக வெட்டி, பலகையைக் கவிழ்த்து, எதிரெதிர்ப் பக்கங்களின் நடுவில் முதலில் ஸ்டேப்ளர் பின் அடித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கிச் செல்லுங்கள். ஒரே பக்கமாக இழுத்துக்கொண்டே போனால் இழை கோணிக்கொள்ளும்.

மறுமொழி (உதகை வாசகி):
மற்றவற்றை ஏற்கிறேன், ஸ்டேப்ளர் பின்னை மட்டும் ஏற்க இயலவில்லை. நம் மலை ஈரத்தில் பின் துருவேறி, அந்தக் கறை உறையில் இறங்கும். கம்பளியைக் கழற்றி உலர்த்தவும் வழியிருக்காது. உறையின் விளிம்பை மடித்துத் தைத்து, அதற்குள் பாவாடை நாடாவைக் கோத்து, பலகையின் அடியில் இறுக்கிக் கட்டினால் வெயில் தலைகாட்டும் நாளில் இரண்டு நிமிடத்தில் பிரித்துக் காயப்போடலாம். ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகப் பிளைவுட்டையே கேட்டு வாங்குங்கள். நீராவியைக் கூடியவரை தவிருங்கள். அது கம்பளிக்குள் இறங்கித் தங்கிவிடும்.

அம்மா, பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், தூக்கி வைத்து அழுத்தி எடுங்கள். இழுத்தால் இழைக்குச் சாய்வாக மூலைவாட்டில் வெட்டிய துண்டுகள் நீண்டு, கட்டங்கள் பொருந்தாமல் போகும். நம் நீலகிரித் தோடர் பழங்குடியினரின் பூத்தையல் போன்ற மேடான வேலைப்பாட்டுக்கு மட்டும் பலகைமேல் தடித்த துவாலை ஒன்றை விரித்து, துணியைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்ப்பது நல்லது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நாடா முறையிலேயே செய்கிறேன். தேய்த்து முடித்தவுடன் பலகையைப் பைக்குள் வைக்கலாமா?

மறுமொழி (குன்னூர் தையற்காரர்):
வேண்டாம், சகோதரி. கம்பளி சூட்டை நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். நன்றாக ஆறும்வரை சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டு, பிறகு எடுத்து வையுங்கள். நாடா யோசனை என்னுடையதைவிடச் சிறந்தது.