புதுப்பிப்பு: பாங்காக்கில் கோவை நண்பர்களோடு சனி, ஞாயிறு

கோவையிலிருந்து சைவக்கார நண்பர் குடும்பம் வருகிறது, பாங்காக்கில் எங்கே கூட்டிப்போகலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவுதான் விமானம் ஏற்றிவிட்டேன்.

சனிக்கிழமை சத்துசாக் சந்தை. நீங்கள் சொன்னபடி கம்பேங் பெட் மெட்ரோவில் இறங்கினோம். படியேறினால் சந்தைக்குள்ளேயே நிற்கிறோம். யாராவது தொலைந்தால் மணிக்கூண்டடியில் சந்திப்பதாக ஏற்பாடு. பிள்ளைகள் பத்திரமாக இருந்தார்கள், தொலைந்தது நண்பர்தான். ஒரு சட்டைக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாராம்!

சாப்பாடுதான் கவலையாக இருந்தது. வெறும் கீரை வதக்கலில்கூட மீன் சாஸ் ஊற்றும் ஊர். மஞ்சள் பலகையில் சிவப்புத் தாய் எழுத்தில் 'ஜே' (சுத்த சைவம்) என்று போட்ட கடைகளைத் தேடச் சொன்னீர்களே, அதுதான் காப்பாற்றியது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கிடையாது. பூண்டு, வெங்காயம்கூட இல்லை. நண்பரின் அம்மா டோஃபு குழம்பை இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினார்.

ஞாயிறு காலை சீலோம் மாரியம்மன் கோயில். 19ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் கட்டியது. இப்போது தேங்காய், சாமந்தி மாலைத் தட்டோடு வருபவர்களில் தாய்லாந்துக்காரர்களே அதிகம். நண்பரின் அம்மாவுக்கு அதில் ஒரே ஆச்சரியம். அப்புறம் சாத்தோர்ன் படகுத்துறையில் ஆரஞ்சுக் கொடி போட்ட ஆற்றுப் பயணப் படகு ஏறி, வாட் அருண் புத்தர் கோயில்.

பழைய தலைநகரான அயுத்தயாவுக்குப் போக நேரமில்லை. டிசம்பரில் மறுபடி வருகிறார்களாம். வயதானவர்களோடு போக ரயில் தேவலையா, வேன் தேவலையா?