குவெரி கேஷை ஆன் செய்தால் கடை வேகமாகிவிடுமா?

நெசவுக்கடை: வேர்ட்பிரஸ் தளத்தில் வூகாமர்ஸ் என்ற விற்பனை பிளகினை வைத்து ஆன்லைன் சேலைக்கடை நடத்துகிறோம். தீபாவளி ஆஃபர் போட்டதிலிருந்து ஃபில்டர் பக்கம் திறக்க அரை நிமிடம் ஆகிறது. டேட்டாபேஸ் ஒரு குவெரிக்கு (கேள்விக்கு) தந்த பதிலை நினைவில் வைத்து மறுபடி தரும் குவெரி கேஷை 512 எம்பி வைத்தால் போதும், மற்றதெல்லாம் வெட்டி வேலை என்று பழையகை சார் இங்கே எழுதியிருந்தார். செய்யலாமா?

சர்வர்சாமி: இன்னும் எத்தனை பேரிடம் இதையே சொல்லப் போகிறார்? வேர்ட்பிரஸ் பயன்படுத்தும் டேட்டாபேஸான மைஎஸ்க்யூஎல் 8.0-இல் குவெரி கேஷே கிடையாது. 2018-லேயே எடுத்துவிட்டார்கள். அந்த வரியை கான்ஃபிக் ஃபைலில் போட்டு ரீஸ்டார்ட் செய்தால் ‘தெரியாத வேரியபிள்’ என்று எரர் காட்டிவிட்டு டேட்டாபேஸ் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. ஆஃபர் நேரத்தில் கடைக்கு ஷட்டர் போட அருமையான யோசனை.

பழையகை: மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்து வந்த மரியாடிபியில் இருக்கிறது. படித்துவிட்டுப் பேசவும்.

சர்வர்சாமி: இருக்கிறது, 10.1.7 பதிப்பிலிருந்து ஆஃப் நிலையில்தான் வருகிறது. காரணம் தெரியுமா? ஒரு டேபிளில் ஒரு வரி மாறினாலும் அந்த டேபிளைத் தொட்ட கேஷ் அத்தனையும் காலி. ஒரு சேலை விற்றால் ஸ்டாக் எண்ணிக்கை, பொருள் விவரங்கள் இருக்கும் போஸ்ட்மெட்டா டேபிளில் மாறும். அடுத்த நொடி மொத்த கேஷும் போச்சு. 512 எம்பி வைத்தால் அதைத் துடைக்கவே நேரம் போகும், அதுவரை மற்ற குவெரிகள் லாக்குக்காக வரிசையில் நிற்கும்.

பழையகை: என் கிளையன்ட் சர்வரில் வருஷக்கணக்காக ஓடுகிறது. மரியாடிபியில் இருக்கிறதா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்.

தரவுத்தோழி: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். தாமதமாகும் குவெரிகளைப் பதியும் ஸ்லோ குவெரி லாக் பார்த்தீர்களா, நெசவுக்கடை? எத்தனை விநாடிக்கு மேல் போனால் பதிய வேண்டும் என்ற லாங் குவெரி டைம் தானாக 10 விநாடியில் இருக்கும், 1 ஆக்குங்கள். சிக்கும் குவெரிக்கு எக்ஸ்ப்ளெய்ன் (டேபிளை எப்படிப் படிக்கிறது என்று காட்டும் கட்டளை) போட்டு இங்கே ஒட்டுங்கள். டேட்டாவை ரேமில் வைத்திருக்கும் பஃபர் பூல் 128 எம்பியிலேயே கிடக்கிறதா என்றும் பாருங்கள், யாரும் மாற்றாவிட்டால் அவ்வளவுதான் இருக்கும்.

பழையகை: அம்மணி, பெரியவர்கள் பேசும்போது குறுக்கே வரக்கூடாது.

தரவுத்தோழி: அம்மணி என்று கூப்பிடும் வேலை வேண்டாம். எனக்கும் இதுதான் தொழில்.

சர்வர்சாமி: பேக்கப் இழையிலும் இப்படித்தான் பேசினார். டேட்டாபேஸை ஃபைலாக டம்ப் எடுத்தால் போதும், ரீஸ்டோர் செய்து பார்க்கத் தேவையில்லை என்றவர்தானே இவர்?

பழையகை: அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? சரி, மரியாடிபியில் குவெரி கேஷ் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறீர்களா?

யானைப்பாகன்: போஸ்ட்கிரெஸ் என்ற வேறு டேட்டாபேஸுக்கு மாறினால் இந்தச் சண்டையே வராது.

தரவுத்தோழி: வூகாமர்ஸ் கடையையா? வேர்ட்பிரஸ் கோர் அதை ஆதரிப்பதே இல்லை. எல்லா இழையிலும் இதே வரியை ஒட்டாதீர்கள்.

யானைப்பாகன்: கோர் ஆதரிக்காதது போஸ்ட்கிரெஸின் தப்பா?

நெசவுக்கடை: எக்ஸ்ப்ளெய்னில் டைப் ‘ஆல்’ என்று வருகிறது, ரோஸ் (படிக்கும் வரிகள்) 11 லட்சத்துக்கு மேல். ஃபில்டர் பிளகின் போஸ்ட்மெட்டா டேபிளின் மெட்டா வேல்யூவில் தேடுகிறது போல.

தரவுத்தோழி: அதுதான் விஷயம். அந்த நெடுவரிசை லாங்டெக்ஸ்ட் (நீண்ட உரை), தேடலை வேகப்படுத்தும் இன்டெக்ஸ் கிடையாது. டேபிளை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கிறது. துணி வகையை, நிறத்தை வூகாமர்ஸ் ஆட்ரிபியூட்டாக (பொருளின் பண்பாக) மாற்றி, விலைக்கு அதைத் தனியே வைத்திருக்கும் வூகாமர்ஸின் லுக்கப் டேபிளைப் பயன்படுத்தும் ஃபில்டரைப் போடுங்கள்.

சர்வர்சாமி: பார்த்தீர்களா? 11 லட்சம் வரி படிக்கும் குவெரிக்கு கேஷ் பூசி மறைக்கச் சொன்னார் இந்த மகான். வூகாமர்ஸின் ஹெச்பிஓஎஸ் வசதியை ஆன் செய்தாலும் இது தீராது, அது ஆர்டர்களை மட்டும்தான் தனி டேபிளுக்கு நகர்த்தும்.

பழையகை: ஹெச்பிஓஎஸ் பற்றி யார் கேட்டார்கள்? பேச்சை மாற்றாதீர்கள். நெசவுக்கடை, உங்கள் சர்வர் மரியாடிபியா?

நெசவுக்கடை: ஹோஸ்டிங்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

பழையகை: கேளுங்கள். மரியாடிபி என்றால் நான் சொன்னதைத் தாராளமாகச் செய்யலாம்.

சர்வர்சாமி: செய்யக்கூடாது. அடிக்கடி மாற்றம் நடக்கும் டேபிளுக்கு அது ஆகாது என்று மேலே எழுதியிருக்கிறேன், படிக்கவும்.

பழையகை: இருக்கிறதா, இல்லையா?