டீ மேக்கராக இருந்த தாத்தாவுக்கு நினைவு மலர்: எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

கோத்தகிரி_பேரன்:
தாத்தா போன வாரம் காலமாயிட்டார். கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில கூலியா சேர்ந்து, டீ மேக்கரா (தூள் தயாரிப்பை மேற்பார்க்கிற பொறுப்பாளர்) ரிட்டயர் ஆனவர். அவர்கிட்ட தொழில் பழகினவங்க இப்போ குன்னூர், மஞ்சூர், பந்தலூர்னு பல ஃபேக்டரியில இருக்காங்க. 16ஆம் நாள் காரியத்துக்கு 16 பக்கத்துல ஒரு மலர் போடலாம்னு வீட்ல முடிவு. எழுத உட்கார்ந்தா "கடின உழைப்பாளி, குடும்பத்தின் ஆணிவேர்" இதுக்கு மேல ஓடல. கையில இருக்கிறது பி.எஃப். சீட்டு, ஜாதகம், பூஞ்சை பிடிச்ச ஆல்பம், கண்ணாடியோட ஒட்டிப்போன கல்யாணப் படம். என்ன செய்யலாம்?

வாடல்மேடை:
ஆழ்ந்த இரங்கல், தம்பி. "ஆணிவேர்" எல்லாம் போஸ்டர்லயே போட்டிருப்பீங்க, மலர்ல வேண்டாம். அவரோட ஒரு வேலை நாளை எழுதுங்க.

கொழுந்து வண்டி சாயங்காலம் வந்து சேரும். ட்ரஃப்ல, அதாவது வாட வைக்கிற நீளத் தொட்டியில, பரப்பி 12லிருந்து 16 மணி நேரம் வாடணும். அப்படின்னா இலையை வெட்டுற ரோலர் ஓட ஆரம்பிக்கிறது விடியக்காலைல. அதனால டீ மேக்கர் வீட்ல ராத்திரி, பகல் கணக்கே வேற. பாட்டிகிட்ட "தாத்தா நல்லவரா?"ன்னு கேட்காதீங்க. எத்தனை மணிக்குக் கிளம்புவார், தூக்குல என்ன கட்டிக் கொடுத்தீங்க, பிள்ளைங்க முழிச்சிருக்கும்போது அவர் வீட்ல இருந்த நேரம் எதுன்னு கேளுங்க. குடும்பஸ்தர் பக்கம் அதுலயே வந்துடும்.

அவர்கிட்ட படிச்சவங்ககிட்டயும் பொதுவா கேட்டா "தங்கமான மனுஷன்"னு முடிச்சிடுவாங்க. தொழிலைக் கேளுங்க:

"வாடல் பதத்தை எப்படிப் பார்க்கச் சொன்னார்?" ஒரு பிடி கொழுந்தைக் கைக்குள்ள இறுக்கி விட்டா, பதமா வாடினது உருண்டையா நின்னு மெதுவா விரியும். காம்பு வளையும். டக்னு ஒடிஞ்சா இன்னும் வாடல. சி.டி.சி.க்கு (இலையை ரோலர்ல நசுக்கி, கிழிச்சு, சுருட்டித் தூளாக்குற முறை) 100 கிலோ கொழுந்து வாடி 70, 75 கிலோவுக்கு வரணும். அதுக்கு மேல ஈரம் நின்னா ரோலர்ல அப்பும், ட்ரையருக்கும் சுமை ஏறும். ரொம்ப வாடினா தூள் செதில் செதிலா வரும்.

"ரோலர் பல் மழுங்கிடுச்சுன்னு எதை வச்சுச் சொல்வார்?" ஒரு ரோலர் மெதுவா, மற்றது சுமார் பத்து மடங்கு வேகத்துல சுத்தும். பல் மழுங்கினா இலை வெட்டுப்படாம நசுங்கும், நார் கூடும். இதைத் தூளைப் பார்த்துச் சொன்னாரா, மெஷின் சத்தத்துலயே சொன்னாரா? ஆளுக்கு ஆள் மாறுற விஷயம் இது, அதனாலதான் எழுதணும்.

"ஃபெர்மென்டிங் போதும்னு எப்போ நிறுத்துவார்?" வெட்டின இலை காத்து பட்டு பச்சை மாறி செம்பு நிறம் வரணும், பச்சை வாடை போயிருக்கணும். சீக்கிரம் எடுத்தா டீ துவர்க்கும், விட்டுட்டா சப்புன்னு போயிடும். ஜனவரிப் பனியில இதுக்கு நேரம் கூட ஆகும். கடிகாரத்தை மட்டும் நம்பினவங்க மாட்டிக்கிற இடம்.

கடைசியா, "எந்தத் தப்புக்கு சத்தம் போடுவார்?" இதுக்கு வர்ற பதில்தான் மலர்லயே நல்ல பக்கமா இருக்கும். ட்ரையர்ல சூடு இறங்கினதை கவனிக்காம விட்டா தூள் காயறதுக்குப் பதிலா வெந்துடும், முழு லாட்டும் போச்சு. அதுக்குத்தான் திட்டு வாங்கியிருப்பாங்கன்னு என் ஊகம்.

போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. அவர் பேசின வார்த்தை அப்படியே வரட்டும்.

பழைய_ரிஜிஸ்டர்:
தேதி விஷயத்துல உஷார். பி.எஃப். சீட்டுல இருக்கிற பிறந்த தேதி பெரும்பாலும் வேலைக்குச் சேரும்போது குத்துமதிப்பா சொன்னது. ஜாதகத்தை வச்சுக்கோங்க. ஆனா தமிழ் வருஷத்தை மாத்தும்போது தை, மாசி, பங்குனி இடறும். உதாரணத்துக்கு, சித்ரபானு 1942 ஏப்ரல்ல தொடங்குது. சித்ரபானு தை மாசம்னா 1943.

சம்பவங்களுக்கு யாருக்கும் வருஷம் ஞாபகம் இருக்காது. ஊருக்கே தெரிஞ்சதை வச்சுக் கேளுங்க. குன்னூர் தேயிலை ஏலம் ஆரம்பிச்சது 1963. அதுக்கு முன்னாடியா, பின்னாடியா? 1993 மரப்பாலம் மண்சரிவு அப்போ எந்த ஃபேக்டரி? 2009 நவம்பர் மழைக்கு முன்னாடி ரிட்டயர் ஆயிட்டாரா? அவர் ஃபேக்டரி ஆர்த்தடாக்ஸ்ல (இலையை உருட்டிச் செய்யற பழைய முறை) இருந்து சி.டி.சி.க்கு எப்போ மாறிச்சுன்னும் கேளுங்க. அந்த மாற்றத்துல டீ மேக்கர் தொழிலையே மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

மலை_அச்சகம்:
16ஆம் நாளுக்குள்ள 16 பக்கம் வேண்டாம், சொன்னா கேளுங்க. பேர் தப்போட அச்சாகும், சொந்தக்காரங்க வருஷக்கணக்கா சொல்லிக் காட்டுவாங்க. காரியத்துக்குப் படமும் தோற்றம், மறைவு தேதியும் போட்ட ஒரு அட்டை போதும். மலரை வருஷத் திதிக்கு வையுங்க.

கண்ணாடியில ஒட்டின படத்தைப் பிரிக்கவே கூடாது, மேல்தோல் கண்ணாடியோட வந்துடும். ஹேர் ட்ரையரும் பிடிக்காதீங்க. சட்டத்தோட மேசையில வச்சு, ரெண்டு பக்கமும் 45 டிகிரி சாய்வுல விளக்கு, கேமராவுக்குப் பின்னாடி கறுப்புத் துணி. பிரதிபலிப்பு விழாம எடுக்கலாம். ஆல்பத்துப் பூஞ்சையை ஈரத்துணியால துடைச்சா இழுவிடும். ஈரம் குறைஞ்ச நாளா பார்த்து, நல்லா உலரவிட்டு, வெளியில வச்சு, மாஸ்க் போட்டு, மெல்லிய பிரஷ்ஷால தட்டுங்க. ஸ்கேன் 600 டிபிஐ. வாட்ஸ்அப்ல படமா அனுப்பினா சுருங்கிடும், டாக்குமென்ட்டா அனுப்புங்க.

பக்க எண்ணிக்கை நாலின் மடங்குல இருக்கணும், நடுவுல பின் அடிக்கிறதால. ஏ5 அளவு, உள்ளே 100 ஜிஎஸ்எம் மேப்லித்தோ (பளபளப்பு இல்லாத தாள்). ஆர்ட் பேப்பர் பளபளப்புல வயசானவங்களுக்கு எழுத்து கண்ணைக் கூசும், அதைப் படப் பக்கங்களுக்கு மட்டும் வைக்கலாம். எழுத்து 12 பாயிண்ட்டுக்குக் குறைய வேண்டாம். யூனிகோடுல அடிச்சதை பழைய டிடிபி மென்பொருள்ல ஒட்டினா கொம்பும் காலும் பிரிஞ்சிடும், "கோத்தகிரி"யே உடைஞ்சுதான் வரும். அதனால எழுத்துரு சேர்ந்த பிடிஎஃப்பா கொடுங்க.

கோத்தகிரி_பேரன்:
ரொம்ப நன்றி. காரியத்துக்கு அட்டை, வருஷத் திதிக்கு மலர்னே முடிவு பண்ணிட்டோம். மலர்ல தொழில் பழகினவங்க பேரை எந்த வரிசையில போடறது? இப்பவே மனஸ்தாபம் கிளம்புது.

வாடல்மேடை:
அவர்கிட்ட சேர்ந்த வருஷ வரிசை. பதவி, ஃபேக்டரி பெருசா சிறுசா எதையும் பார்க்காதீங்க. வருஷம் தெரியாதவங்களை அகர வரிசையில தனியா போடுங்க. பட்டியல் பக்கத்துல கீழே நாலு வரி காலியா விடுங்க, கடைசி ப்ரூஃப்ல எப்படியும் நாலு பேர் கூடுவாங்க.