பஞ்சதந்திர அஞ்சல்தலை ஜோடி தேவை

வணக்கம். விலங்குக் கதைகள் தொடர்பான பழைய பொருட்களைச் சேர்த்து வருகிறேன்: அஞ்சல்தலை, தீப்பெட்டிப் படம், காலண்டர் என்று கைக்குக் கிடைப்பதெல்லாம். இந்திய அஞ்சல் துறை 2001-ல் பஞ்சதந்திரத்துக்காக வெளியிட்ட 4 ரூபாய் தலைகளில் ஒரு ஜோடிதான் இன்னும் சிக்கவில்லை. மொத்தம் நான்கு கதைகள். ஒவ்வொரு கதைக்கும் ஒட்டினாற்போல் இரண்டு தலைகள். சிங்கம்-முயல், காகம்-பாம்பு, ஆமை-வாத்து என்னிடம் இருக்கின்றன. குரங்கு-முதலை இல்லை. கடைகளில் நடுவே கிழித்துத் தனித்தனியாக விற்கிறார்கள். பாதிக் கதையை வைத்து நான் என்ன செய்ய?

பிரிக்காத, முத்திரை விழாத ஜோடி யாரிடமாவது கூடுதலாக இருந்தால் சொல்லுங்கள். விலைக்கும் சரி, மாற்றுக்கும் சரி. முதல்நாள் உறையானாலும் (தலை வெளியான அன்றே ஒட்டி முத்திரையிட்ட உறை) பரவாயில்லை.

இன்னொன்று. காகம்-பாம்பு ஜோடியின் பின்பக்கப் பசையில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தெரிகின்றன. சென்னை ஈரக்காற்றின் வேலை என்று நினைக்கிறேன். இப்போதைக்குத் தனி உறையில் எடுத்து வைத்திருக்கிறேன். பக்கத்துத் தலைகளுக்கும் பரவுமா? சிலிக்கா ஜெல் போட்டால் போதுமா, ஆல்பத்தையே மாற்ற வேண்டுமா?

அப்புறம், மாமல்லபுரம் அர்ச்சுனன் தபசுப் பாறையில் கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனையும் சுற்றி எலிகளும் இருக்குமே, அதை மட்டும் அச்சிட்ட பழைய பட அஞ்சலட்டை யாராவது பார்த்ததுண்டா?