குழு: அம்மாபேட்டை பெரிய வீடு

ஏற்காடு பெரியப்பா, மாலை 5:12
மதி கண்ணு, இன்னைக்கு ரத்த ரிப்போர்ட் என்ன ஆச்சு? இங்கே மழை, சிக்னல் போய்ப் போய் வருது. எழுதியே அனுப்பு.

மதி, 5:31
அப்பாவுக்குச் செந்தில் சித்தப்பாவின் ஸ்டெம் செல், அதாவது ரத்தம் ஊறவைக்கிற செல், ஏற்றி இன்று 84-ஆவது நாள் பெரியப்பா. வெள்ளணு 4,200, தட்டணு 1 லட்சத்து 10 ஆயிரம், இரண்டும் நன்றாக இருக்கிறது. ஹீமோகுளோபின்தான் 6.4. போன வாரம் ஒரு பை ரத்தம் ஏற்றியும் திரும்ப இறங்கிவிட்டது. நாளைக்கு இன்னொரு பை ஏற்றுகிறார்கள். காய்ச்சல் இல்லை. காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ராணி அத்தை, 5:34
ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கி வறுத்து அனுப்பட்டுமா? முருங்கைக்கீரை, பேரீச்சம்பழமும் கொடுத்துவிடுறேன். ரத்தம் ஊற அதுதான் நல்லது.

செந்தில் சித்தப்பா, 5:36
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பிரபு அண்ணன், 5:38
வெள்ளணுவும் தட்டணுவும் ஏறுது, சிவப்பு மட்டும் ஏன் ஏறலை? செல் சரியாகப் பிடிக்கலையா மதி?

செந்தில் சித்தப்பா, 5:44
அதைத்தான் நானும் எழுதி அழிச்சேன். நான்கு நாளாகத் தூக்கமில்லை. செல் எடுக்கிறதுக்கு முந்தின வாரம் எனக்குச் சளி இருந்தது, பட்டறையிலேயும் ராப்பகலா வேலை. அதனால என் செல் பலமில்லாமல் போச்சோ? திரும்ப எடுக்கணும்னா நாளைக்கே வர்றேன்னு டாக்டர்கிட்ட சொல்லு.

மதி, 6:02
சித்தப்பா, தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். போன வாரம் கைமெரிசம் டெஸ்ட் எடுத்தார்கள். அப்பா உடம்பில் இப்போது ஊறுகிற ரத்த அணுக்களில் எத்தனை பங்கு உங்களுடையது, எத்தனை பங்கு பழையது என்று சொல்கிற டெஸ்ட் அது. நூற்றுக்கு நூறு உங்களுடையது என்று வந்திருக்கிறது. அப்பாவைக் கிருமியிலிருந்து காப்பாற்றுகிற அந்த 4,200 வெள்ளணுவும் நீங்கள் கொடுத்ததுதான்.

மதி, 6:09
சிக்கல் எங்கே என்று டாக்டர் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். அப்பா ஓ பாசிட்டிவ், நீங்கள் ஏ பாசிட்டிவ். ஓ குரூப்காரர் உடம்பில் குழந்தைப் பருவத்திலிருந்தே ஏ குரூப்புக்கு எதிரான ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் புரதம், இருக்கும். மாற்று சிகிச்சைக்கு முன் கொடுத்த கீமோ பழைய மஜ்ஜையைத் துடைத்துவிட்டது, ஆனால் அந்த ஆன்டிபாடியைச் சுரக்கிற பழைய பிளாஸ்மா செல்கள் ரொம்ப கெட்டி, கொஞ்சம் தப்பித்துக்கொள்ளும். இப்போது உங்கள் செல் மஜ்ஜைக்குள்ளே சிவப்பணுவை உருவாக்க ஆரம்பிக்கும்போதே, அதன் மேல் ஏ அடையாளத்தைப் பார்த்து அந்த ஆன்டிபாடி முளையிலேயே அழித்துவிடுகிறது. வெள்ளணுவையும் தட்டணுவையும் அது பெரிதாகத் தொடவில்லை. செல் பிடிக்காமல் போயிருந்தால் மூன்றும் சேர்ந்து விழுந்திருக்கும் என்றார் டாக்டர்.

பிரபு அண்ணன், 6:13
சரி, அப்போ பழைய ஆன்டிபாடி போகணும். எப்போ போகும்?

மதி, 6:21
சிலருக்குச் சில வாரம், சிலருக்குப் பல மாதம். நல்ல செய்தி என்னவென்றால் ஆன்டிபாடியின் அளவு இறங்குகிறது. ரத்தத்தின் தெளிநீரை இரண்டு மடங்கு, நான்கு மடங்கு என்று நீர்க்கச் செய்துகொண்டே போய், எதுவரைக்கும் ஏ அணுக்களை ஒட்டவைக்கிறது என்று பார்ப்பார்கள். போன மாதம் 128 மடங்கு, இப்போது 32. அப்புறம் ரெட்டிக் என்று ஒன்று, அதாவது மஜ்ஜையிலிருந்து புதிதாக வெளியே வருகிற இளம் சிவப்பணு. அது 0.1 சதவீதத்திலேயே நின்றிருந்தது, இன்றைக்கு 0.4. அம்மா தினக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில்தான் தினமும் நம்பர் எழுதி வைக்கிறார். இன்றைய 0.4-ஐ மட்டும் சிவப்பு மையில் எழுதி இரண்டு தடவை வட்டம் போட்டிருக்கிறார். உங்கள் செல்களின் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிற சைக்ளோஸ்போரின் மருந்தை மெல்லக் குறைக்கிறார்கள், குறைத்தால் உங்கள் செல்களே அந்தப் பழைய பிளாஸ்மா செல்களைத் தீர்த்துவிட வாய்ப்பு இருக்கிறது. அதற்கும் அசையவில்லை என்றால் ஊசி மருந்து இருக்கிறது. திரும்ப செல் எடுக்கிற பேச்சே இப்போது இல்லை.

செந்தில் சித்தப்பா, 6:24
0.4

செந்தில் சித்தப்பா, 6:24
சரி மதி.

மதி, 6:33
அத்தை, கோபித்துக்கொள்ளாதீர்கள், சுவரொட்டி வேண்டாம். அப்பாவுக்கு இரும்புச்சத்துக் குறைவே இல்லை. ஏற்றுகிற ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது, உடம்பிலிருந்து ஒரு நாளைக்கு 1 மில்லிகிராம் அளவுதான் வெளியேறும். இதுவரை பதினான்கு பை ஏறியிருக்கிறது. இரும்பு சேர்ந்து ஈரலையும் இதயத்தையும் கெடுக்காமல் பார்ப்பதுதான் கவலை. கஷாயம், இலைச்சாறு எதுவும் டாக்டரைக் கேட்காமல் கூடாது, மருந்தின் அளவு ரத்தத்தில் மாறிவிடும். பச்சைக் காய் கூடாது என்பதால் தட்டுவடை செட் கூட இல்லை. அது இல்லாமல் அப்பா ஏங்கிப் போயிருக்கிறார் :(

ராணி அத்தை, 6:35
நான் எதுக்குக் கோபிக்கப் போறேன். எனக்குத் தெரியாமல்தானே. வீட்டுக்கு வரட்டும், எல்லாம் செஞ்சு தர்றேன்.

ஏற்காடு பெரியப்பா, 6:41
ரத்தம் கொடுக்க யார் யார் வரணும் சாமி? எனக்கு வயசு தாண்டிப் போச்சு.

மதி, 6:50
எந்த குரூப்பாக இருந்தாலும் பரவாயில்லை பெரியப்பா. நாம் கொடுப்பது கையிருப்புக்குப் போகும், அப்பாவுக்கு நேராக ஏறாது. சொந்தக்காரர் ரத்தத்தை நேராக ஏற்றினால், அதிலுள்ள வெள்ளணுக்கள் அப்பா உடம்பில் தங்கி அவரையே தாக்கிவிடும் ஆபத்து அதிகம். அவருக்கு இப்போது ஓ குரூப் சிவப்பணுதான், அதுவும் அந்த வெள்ளணுக்களை முடக்கக் கதிர்வீச்சு கொடுத்தது மட்டும். ஒவ்வொரு பையிலும் அதற்கென்று ஒரு சின்ன லேபிள் இருக்கும், நர்ஸ் அக்கா அதைக் காட்டிவிட்டுத்தான் ஏற்றுவார். பிரபு அண்ணா, நீங்கள் கடைசியாகக் கொடுத்து 90 நாள் ஆகிவிட்டதா?

பிரபு அண்ணன், 6:52
நாலு மாசம் ஆச்சு. ஃபிரெண்டு ரெண்டு பேரையும் கூட்டிட்டு ஞாயிறு வர்றேன்.

செந்தில் சித்தப்பா, 7:05
அப்புறம் ஒரு சந்தேகம் மதி. அண்ணனுக்குச் சிவப்பணு ஊற ஆரம்பிச்சா, அது எந்த குரூப்பா இருக்கும்?

மதி, 7:07
ஏ பாசிட்டிவ் சித்தப்பா. உங்கள் குரூப். அப்பா அதை எல்லா நர்ஸ்களிடமும் சொல்லிவிட்டார், "இனிமேல் நானும் தம்பியும் ஒரே ரத்தம்" என்று.

செந்தில் சித்தப்பா, 7:26
இன்னைக்கு ராத்திரி ஏற்காடு எக்ஸ்பிரஸில் வர்றேன். சளி இருமல் எதுவும் இல்லை, மாஸ்க் எடுத்துக்கிட்டேன். ரூம் பக்கம் விட மாட்டாங்கன்னா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். அண்ணன்கிட்ட சொல்லாதே.

மதி, 7:27
சொல்லவில்லை சித்தப்பா. காலையில் ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன்.