ரைட் பிரெயின் ஆளுங்க அக்கவுண்ட்ஸ் பக்கம் போகக்கூடாதா?

ராக்கோழி:
ஆன்லைன்ல ஒரு டெஸ்ட் எடுத்தேங்க, நீங்க ரைட் பிரெயின், டிசைன், எழுத்து, இசை இந்த மாதிரி வேலைதான் செட் ஆகும்னு வந்துச்சு. நான் படிக்கிறது அக்கவுண்ட்ஸ், அதுவும் பிடிச்சுத்தான் படிக்கிறேன். இப்ப ஒரே குடைச்சல். மூளையில எந்தப் பக்கம் ஸ்ட்ராங்கோ அதுக்கேத்த வேலைக்குத்தான் போகணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

நரம்புக்காரன்:
மொதல்ல அந்த டெஸ்ட்டைத் தூக்கிப் போடுங்க. இந்தக் கதை எங்கேர்ந்து கெளம்புச்சுன்னா, வலிப்பு அடங்காத சிலருக்கு மூளையோட ரெண்டு பாதியையும் சேர்க்கிற நரம்புக் கட்டு, கார்பஸ் கலோசம்னு சொல்வாங்க, அதை வெட்டி ஆபரேஷன் பண்ணாங்க, அவங்களை வச்சு ரோஜர் ஸ்பெர்ரிங்கற மூளை விஞ்ஞானி பண்ண சோதனைங்கள்ல பேச்சு பெரும்பாலும் இடது பக்கம், வடிவம் இடம் பிடிபடுறதுல வலது பக்கம் கெட்டின்னு தெரிஞ்சுது, 1981ல அதுக்கு நோபலும் கிடைச்சுது. அதெல்லாம் உண்மைதான். ஆனா அது இணைப்பு அறுந்த மூளை. நமக்கு அந்தக் கட்டுல சுமார் 20 கோடி நார் ஓடுது, ரெண்டு பக்கமும் எந்நேரமும் பேசிக்கிட்டே இருக்கு. 2013ல உட்டா பல்கலைக்கழகத்துல 7லேர்ந்து 29 வயசு வரைக்கும் 1011 பேரோட ஸ்கேனை அலசிப் பாத்தாங்க, சில வேலைங்க ஒரு பக்கமா சாயுது, ஆனா இவர் மொத்தமா இடது ஆளு, அவர் வலது ஆளுன்னு பிரிக்கிற மாதிரி ஒண்ணும் சிக்கல.

கடைசி_பெஞ்சு:
அப்ப இடதுகைக்காரங்கல்லாம் கலைஞர்னு சொல்றது? நானும் இடதுகைதான், மாடு வரைஞ்சா நாற்காலியான்னு கேக்குறாங்க 😂

நரம்புக்காரன்:
ஹாஹா. இடதுகைக்காரங்கள்லயே 70 சதவீதம் பேருக்கு பேச்சு இடது பக்கம்தான் இருக்கு. அதனால கையை வச்சு வலது மூளை ஆளுன்னு சொல்ல முடியாது.

ஓரமா_ஒருத்தி:
டெஸ்ட்டை அப்படியே தூக்கிப் போடணுமான்னு எனக்குத் தோணல. மூளைங்கற லேபிள்தான் டுபாக்கூர், டிக் பண்ண பதில் உங்களோடதுதானே? வரையப் பிடிக்குமான்னு கேக்குறான், ஆமான்னதும் வலது மூளைன்னு ஸ்டிக்கர் ஒட்டுறான். விருப்பத்தைத்தான் பாக்கணும்னா ஜான் ஹாலண்ட்னு ஒரு உளவியல் ஆய்வாளர் பிரிச்ச ஆறு வகை இருக்கு, கையால செய்யிறது, ஆராயிறது, கலை, அடுத்தவங்களுக்கு உதவுறது, ஆளை இழுத்து காரியம் முடிக்கிறது, கணக்கு ஃபைல்னு ஒழுங்கா வச்சுக்கிறது. பொதுவா இதுல ரெண்டு மூணு கலந்துதான் வரும். கலையும் ஒழுங்கும் இந்த ஆறையும் அவர் வரைஞ்ச அறுகோணப் படத்துல எதிரெதிர் மூலைதான், ஆனா ரெண்டும் ஒரே ஆளுக்கு வரக்கூடாதுன்னு ஒண்ணுமில்ல.

ராக்கோழி:
அடப்பாவி, டிசைன் பிடிக்கும்னு நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லிட்டு ஃபுல் ரிப்போர்ட்டுக்கு காசு வேற கேட்டான். ஹாலண்ட் டெஸ்ட் தேடிப் பாக்குறேன்க்கா, ஆனா இப்ப இல்ல, நாளைக்கு காஸ்ட் அக்கவுண்ட்டிங் பரீட்சை.